வாயைத் திறக்க மறுக்கும் பிள்ளைக்குப் பல் சிகிச்சை: எந்த வழி எப்போது?

நான்கு வயதுப் பிள்ளை. கீழ்க் கடைவாயில் இரண்டு பால் பற்களில் சொத்தை. பல் டாக்டரின் சேரில் உட்கார வைத்ததும் உதட்டை இறுக்கிக்கொள்கிறான், தலையைத் திருப்புகிறான், கண்ணாடி வைத்த கம்பியைப் பார்த்தாலே அலறுகிறான். டாக்டர் சில வழிகளைச் சொல்கிறார். கொஞ்ச நாள் பழக்கிவிட்டுச் செய்யலாம். ஊசியில்லாமல் மருந்து தடவிச் சொத்தையை நிறுத்தி வைக்கலாம். ஸ்டீல் கேப் போடலாம். சிரிப்பு வாயு கொடுத்துச் செய்யலாம். முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். பக்கத்தில் நிற்கும் பாட்டி இன்னொரு வழி வைத்திருக்கிறார்: "கையக் கால கெட்டியா பிடிச்சுக்கோங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்." அப்பாவுக்கும் ஒரு யோசனை உண்டு: "பால் பல்லுதானே, எப்படியும் விழத்தான் போகுது. விட்டுடலாம்."

இவை எல்லாமே மக்கள் உண்மையில் எடுக்கிற வழிகள்தான். எதை எடுப்பது என்பதை இரண்டு கேள்விகளை வைத்து முடிவு செய்யலாம் என்பது என் கருத்து. அந்தப் பல் நமக்கு எவ்வளவு அவகாசம் தருகிறது? இன்றைக்கு நடப்பது பிள்ளையின் மனதில் என்னவாகத் தங்கும்? முதல் கேள்வியை டாக்டரே கேட்டுவிடுவார். இரண்டாவதை நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வலி உயிர் போகிற அளவுக்கு வந்தால்தான் பல் டாக்டரிடம் போவேன் என்கிற பெரியவர்களை விசாரித்துப் பாருங்கள், பாதிப் பேர் சின்ன வயதில் நடந்த ஒன்றைச் சொல்வார்கள். என் அப்பாவுக்கு அந்த சேரின் கைப்பிடி என்ன நிறம் என்பதுகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவகாசம் இருக்கிறதா?

பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும். கடைவாயில் இருப்பவை அவ்வளவு சீக்கிரம் விழாது, 9 வயதிலிருந்து 12 வயது வரை இருக்கும். அதாவது நான்கு வயதில் சொத்தையாகும் கடைவாய்ப் பல் இன்னும் ஐந்தாறு வருடமாவது சோறு மெல்ல வேண்டிய பல். பால் பல்லின் எனாமல் மெல்லியது, உள்ளே இருக்கும் நரம்பும் மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் நகரும் சொத்தை குழந்தைக்குச் சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடும். வேருக்கு அடியில் சீழ் கட்டினால், அங்கே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலும் கெடலாம். பல்லைச் சீக்கிரமே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும், பின்னால் வரும் பல்லுக்கு இடம் இருக்காது.

ஆகவே "விட்டுடலாம்" என்பது ஒன்பது, பத்து வயதில் ஆடிக்கொண்டிருக்கும் பல்லுக்குச் சரியான பதில். நான்கு வயதுக்குச் சரியாக வராது. அந்த வயதில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது பல வீடுகளுக்குத் தெரியும். ஒரு நாள் நடுராத்திரி பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து அழும். காலையில் தூக்கமில்லாமல், வலியோடு, முதல் முறையாக ஒரு பெரிய சிகிச்சைக்குப் போய் நிற்கும். பயப்படுகிற பிள்ளையை இதைவிட மோசமான நேரத்தில் டாக்டரிடம் அறிமுகப்படுத்த முடியாது.

அவகாசத்தை வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். கன்னமோ தாடையோ வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். வீக்கம் கண்ணுக்குப் பக்கம் ஏறினாலோ, விழுங்கவோ வாயைத் திறக்கவோ கஷ்டப்பட்டாலோ பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். ஈறில் பரு மாதிரி ஒரு கொப்புளம் வந்து வந்து போனால், வலி இல்லாவிட்டாலும் உள்ளே சீழ் இருக்கிறது. சில நாட்களுக்குள் பார்க்க வேண்டும். தூக்கத்தைக் கெடுக்கும் வலியும் அதே கணக்குதான். சாப்பாடு சிக்குகிறது, இனிப்புச் சாப்பிட்டால் கூசுகிறது, மற்றபடி வலியில்லை என்றால் பெரும்பாலும் சில வாரங்கள் கையில் இருக்கும். அந்தச் சில வாரங்கள்தான் கீழே வரும் பாதி வழிகளுக்கு அடிப்படை.

பழக்கிக் கூட்டிப்போவது

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை பல் டாக்டரிடம் அழுதால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. முகம் தெரியாத ஆள், மல்லாக்கப் படுக்க வைக்கிறார், வாய்க்குள் கை விடுகிறார். அழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த வயதில் சேரே தேவையில்லை. அம்மாவும் டாக்டரும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். குழந்தை அம்மாவைப் பார்த்தபடி மடியில் உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்து டாக்டர் மடியில் தலை வைக்கும். அம்மாவின் முகம் மேலேயே தெரியும். அழும்போது வாய் தானாகத் திறக்கும், ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

மூன்று வயது தாண்டினால் பேச்சு வேலை செய்யும். குழந்தைப் பல் மருத்துவத்தில் எல்லாருக்கும் பாடமான ஒரு முறை இருக்கிறது. சொல், காட்டு, செய் என்பதுதான் அதன் மூன்று படி. 1959-ல் ஆடல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதியது. அதை நேரில் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். என் மகளுக்குப் பார்த்த டாக்டர், பல் தேய்க்கும் சின்ன மோட்டாரை எடுத்து முதலில் தன் கட்டைவிரல் நகத்தில் ஓட்டிக் காட்டினார். அப்புறம் அவள் நகத்தில். "கிச்சு கிச்சு மூட்டுதா?" என்றார். அப்புறம் அவள் பொம்மையின் பல்லில். அதற்குப் பிறகுதான் அவளுடைய முன்பல் ஒன்றில், "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று எண்ணிவிட்டு மோட்டாரை எடுத்துவிட்டார். மூன்று எண்ணியதும் எடுப்பேன் என்றார், எடுத்தார். அந்த வாக்கை அவர் காப்பாற்றியதால்தான் அடுத்த முறை பத்து எண்ணும் வரை அவள் வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

இந்த வழியின் நன்மை, அன்றைய பல்லோடு முடிவதில்லை. பிள்ளை ஒரு திறமையைக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. மற்ற எந்த வழிக்கும் இந்தக் குணம் இல்லை. குறை என்னவென்றால் நேரம். மூன்று நான்கு முறை போக வேண்டும், பெற்றோர் லீவு போட வேண்டும், கிராமத்திலிருந்து வருபவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பஸ் செலவு. வலியோடு இருக்கிற பிள்ளைக்கு இது உதவாது.

பழக்கும் காலத்தில் நம் வீட்டுப் பேச்சை மாற்ற வேண்டும். "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று வருடம் முழுக்க மிரட்டிவிட்டு, ஒரு நாள் அதே டாக்டரிடம் சிரித்துக்கொண்டே கூட்டிப்போனால் எந்தப் பிள்ளை நம்பும்? "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்ல வேண்டாம். பிள்ளையின் காதில் விழுவது வலி என்ற சொல்தான். "ஊசியே போட மாட்டாங்க" என்று பொய் சொல்வது அதைவிடக் கெடுதல். "டாக்டர் பல்லை எண்ணுவாங்க, அழுக்கைக் கழுவுவாங்க" என்பது போதும். காலை நேரத்தில், தூங்கி எழுந்து சாப்பிட்டுத் தெம்பாக இருக்கும்போது கூட்டிப்போங்கள். கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்திவிடுவார் என்ற ஏற்பாடு பெரிய உதவி, ஆனால் தூக்கும்போது நிஜமாகவே நிறுத்த வேண்டும்.

பெற்றோர் உள்ளே இருக்கலாமா என்பதில் டாக்டர்களிடையே ஒரே கருத்து கிடையாது. சின்னப் பிள்ளைக்கு அம்மாவோ அப்பாவோ கண்ணில் படும் இடத்தில் இருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு. டாக்டர் ஒன்று சொல்ல, அம்மா ஒன்று சொல்ல, வீடியோ காலில் பாட்டி ஒன்று சொல்ல, பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்? சேரைப் பார்த்ததும் நமக்கே வியர்க்கிறது என்றால் பயப்படாத இன்னொருவரை அனுப்புவது மேல். மாமாவோ சித்தியோ போகலாம்.

ஊசியும் மெஷினும் இல்லாத இரண்டு வழிகள்

நம் ஊரில் பல பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, சில்வர் டைஅமின் ஃப்ளோரைடு என்ற மருந்து. 38 சதவீதக் கரைசலாக வருகிறது. ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உதட்டில் வாசலின் தடவி, பல்லைப் பஞ்சால் துடைத்துக் காயவைத்து, நுனியில் மயிர் போலிருக்கும் ஒரு சின்ன பிரஷில் ஒரு சொட்டைத் தொட்டுக் குழிக்குள் ஒரு நிமிடம் தடவுகிறார்கள். அவ்வளவுதான். இரும்பு நாணயத்தை நக்கிய மாதிரி ஒரு ருசி கொஞ்ச நேரம் இருக்கும். வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃப்ளோரைடு மிருதுவான இடத்தைக் கெட்டியாக்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பத் தடவினால் பெரும்பாலான சொத்தைகள் அப்படியே நின்றுவிடுகின்றன.

ஆனால் தடவிய இடம் கரிக்கட்டை போல் கறுத்துவிடும், அது போகாது. கறுப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். கன்னத்திலோ விரலிலோ பட்டால் பழுப்புக் கறை வரும், அது ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். கடைவாய்ப் பல்லுக்கு இந்தக் கறுப்பு ஒரு பொருட்டல்ல. முன்பல்லுக்கு என்றால் பெற்றோர் தயங்குவது நியாயம். பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. குழியும் அப்படியே இருக்கும், சாப்பாடு தேங்கும், தினமும் தேய்த்துவிட வேண்டும். நரம்பு வரை போய்விட்ட பல்லுக்கும் சீழ் வைத்த பல்லுக்கும் இது கூடாது. என் பார்வையில் இது அவகாசத்தை வாங்கித் தரும் மருந்து. மூன்று வயதில் தடவி வைத்துவிட்டு, பிள்ளை நாலரை வயதில் சேரில் சமர்த்தாக உட்காரும்போது மிச்ச வேலையைச் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, ஹால் முறை ஸ்டீல் கேப். ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பொதுப் பல் மருத்துவர் தன் க்ளினிக்கில் பல வருடங்கள் செய்துவந்தது. அவருடைய பதிவேடுகளை ஆராய்ந்து 2006-ல் கட்டுரை வெளியானது. அப்புறம் டண்டி பல்கலைக்கழகத்தார் சாதாரண ஃபில்லிங்கோடு ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள், கேப்பின் கை ஓங்கி இருந்தது. சொத்தையைக் குடைந்து எடுக்காமல் அதன் மேலேயே கேப்பை ஒட்டி மூடிவிடுவதுதான் இதன் அடிப்படை. உள்ளே இருக்கும் கிருமிக்குச் சாப்பாடு போவது நின்றுவிடுகிறது, சொத்தையும் நின்றுவிடுகிறது. மரத்துப்போகும் ஊசி வேண்டாம், மெஷின் சத்தம் இல்லை.

என் மகளுக்கு இதைத்தான் செய்தோம். முதல் நாள் பற்களின் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். இடுக்கில் பாக்குத் துண்டு மாட்டிக்கொண்ட மாதிரி அவளுக்கு இருந்திருக்க வேண்டும், நாக்கால் துழாவிக்கொண்டே இருந்தாள். சில நாள் கழித்துப் போனபோது இடைவெளி விழுந்திருந்தது. வளையத்தை எடுத்துவிட்டு இரண்டு மூன்று அளவு கேப்களை வைத்துப் பார்த்து, பொருந்தியதில் சிமெண்ட் நிரப்பி, பல்லின் மேல் வைத்து விரலால் அழுத்தினார் டாக்டர். அப்புறம் அதன் மேல் ஒரு பஞ்சுச் சுருளை வைத்து, "சிங்கம் மாதிரி கடி பார்க்கலாம்" என்றார். கேப் ஏறியது அவள் கடித்த கடியில்தான். ஓரத்தில் பிதுங்கிய சிமெண்ட் புளித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள். ஈறு வெளுத்து, கடி உயர்ந்துவிட்டது. மற்ற பக்கப் பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. அதைப் பார்த்து நான் பயந்தேன். சில வாரங்களில் தானாகச் சரியாகும் என்றார்கள், அப்படியே ஆனது.

ஹால் கேப்புக்கு நிபந்தனைகள் உண்டு. ராத்திரி வலியோ சீழோ இருக்கக் கூடாது, எக்ஸ்-ரேயில் சொத்தைக்கும் நரம்புக்கும் நடுவே நல்ல பாகம் தெரிய வேண்டும். எக்ஸ்-ரேக்கே உட்காராத பிள்ளைக்கு இதைச் செய்வது டாக்டரின் அனுபவத்தைப் பொறுத்தது. கேப் அழுத்தும்போது ஓரளவு ஒத்துழைப்பும் வேண்டும், கத்தித் திமிறும் பிள்ளைக்கு வைத்தால் கேப் நழுவித் தொண்டைக்குள் போகிற ஆபத்து இருக்கிறது. எல்லா க்ளினிக்கிலும் இதைச் செய்வதில்லை, கேட்டுத்தான் போக வேண்டும்.

சிரிப்பு வாயுவும் வாய்வழி மருந்தும்

நைட்ரஸ் ஆக்சைடு பழைய வாயு. 1844-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் இதை இழுத்துக்கொண்டு தன் பல்லையே பிடுங்க வைத்துச் சோதித்தார். இன்றைக்கு ஆக்சிஜனோடு கலந்து, மூக்கில் ஒரு சின்ன மாஸ்க் வழியாகக் கொடுக்கிறார்கள். சில நிமிடங்களில் உடம்பு லேசாகி, கை கால் குறுகுறுக்கும். பிள்ளை விழித்திருக்கும், பேசினால் பதில் சொல்லும். முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன், அப்புறம் நடந்து வீட்டுக்கு வந்துவிடலாம். மரத்துப்போகும் ஊசி இதிலும் தேவைப்படும், ஆனால் பிள்ளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இதை எல்லாப் பயத்துக்கும் மருந்தாக நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். மாஸ்கை மூக்கில் வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட வேண்டும். அலறுகிற பிள்ளை வாயால்தான் மூச்சு விடும், வாயு உள்ளேயே போகாது. 1962-ல் ஃபிராங்கல் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் குழந்தைகளின் நடத்தையை நான்கு நிலையாகப் பிரித்தார்கள். முதல் நிலை முழு எதிர்ப்பு. இரண்டாவது, தயக்கத்தோடு எதிர்ப்பது. மூன்றாவது, பயந்தாலும் சொன்னதைக் கேட்பது. நான்காவது, ஆர்வமாக உட்கார்வது. பல் மருத்துவர்கள் இன்றும் கேஸ் ஷீட்டில் இந்த எண்ணைக் குறிக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு எந்த எண் போட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் மூன்றும் சிரிப்பு வாயுவுக்கு ஏற்றவை. ஒன்று என்றால் பணம் வீண். சளியும் மூக்கடைப்பும் இருக்கும் நாளில் தள்ளிப்போட வேண்டும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி எப்போதும் வாயால் மூச்சு விடும் பிள்ளைக்கு இது ஒத்துவராது.

குடிக்கக் கொடுக்கும் மிடசோலம் போன்ற மருந்து அடுத்தது. அரைத் தூக்கத்தில் ஆழ்த்தும், நடந்தது பெரும்பாலும் நினைவில் இருக்காது. சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, முன்பைவிட அதிகமாகக் கத்தி அடிக்கும். மூச்சு குறையும் ஆபத்தும் இருக்கிறது. பல்லைப் பார்க்கும் டாக்டர் தவிர, மூச்சையும் நாடியையும் மட்டுமே பார்த்துக்கொள்ள இன்னொரு பயிற்சி பெற்றவர் அந்த அறையில் இல்லையென்றால் நான் சம்மதிக்க மாட்டேன். "வீட்லயே குடுத்துக் கூட்டிட்டு வந்துடுங்க" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

முழு மயக்கம்

இந்தப் பேச்சை எடுத்ததும் வீட்டில் எல்லாரும் பதறுவார்கள். ஒரு பல்லுக்காகவா மயக்கம்? நியாயமான கேள்வி. ஒரு பல்லுக்கு வேண்டாம்தான். ஆனால் எட்டு, பத்துப் பற்கள் சொத்தையாகி, அதில் சிலவற்றில் சீழும் இருக்கிற மூன்று வயதுக் குழந்தைகள் நம் ஊரில் நிறைய. ராத்திரி பால் பாட்டிலோடு தூங்கும் பழக்கம் இதற்கு முக்கியமான காரணம். அந்தக் குழந்தையை ஏழெட்டு முறை சேரில் போராட வைப்பதா, மயக்க டாக்டர் இருக்கும் தியேட்டரில் ஒரே நாளில் முடிப்பதா என்று கேட்டால் இரண்டாவதுதான் கருணை என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நடப்பது இதுதான். பாலும் சாப்பாடும் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். இதில் "ஒரு வாய்தானே" என்று பாட்டி ஊட்டிவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள், போட வேண்டும். மயக்கத்தில் சாப்பாடு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மாஸ்கில் தூங்க வைத்து, வாய் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் பெரும்பாலும் மூக்கு வழியாகக் குழாய் போடுகிறார்கள். எக்ஸ்-ரே, வேர் சிகிச்சை, கேப், பிடுங்க வேண்டியது எல்லாம் ஒரே மூச்சில். விழிக்கும்போது பிள்ளை புரியாமல் அழும், தொண்டை கரகரக்கும், மூக்கில் கொஞ்சம் ரத்தம் தெரியலாம். பொதுவாக அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா என்பது பெற்றோரின் பெரிய கவலை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 டிசம்பரில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமோ திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமோ மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பது அதன் சாரம். ஒரே முறை, குறைந்த நேரம் கொடுப்பதால் அப்படிப் பாதிப்பு வருவது அரிது என்றும் அதே அமைப்பு சொன்னது. அவசரமில்லை என்றால் 3 வயது முடியும் வரை மருந்து தடவித் தள்ளிப்போடலாம் என்பதற்கு இது நல்ல காரணம். இரண்டாம் முறை மயக்கம் தேவைப்படக் கூடாது என்பதற்காக, பிழைக்குமா என்று சந்தேகமான பல்லை இந்தச் சமயத்தில் டாக்டர்கள் எடுத்துவிடவே பார்ப்பார்கள். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், மயக்கம் கொடுப்பவர் யார், குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழக்கம் உள்ளவரா, அவசரமானால் குழந்தைகள் ஐசியு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பதைத் தவறாக நினைக்கும் இடம் சரியான இடமாக இருக்காது. முந்தைய வாரம் சளி, இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவு இந்தப் பட்டியலிலேயே அதிகம், தியேட்டருக்கும் மயக்க டாக்டருக்கும் போகும் பணம் அது.

முழு மயக்கத்தின் குறை, பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. பயம் அப்படியே இருக்கும். வீட்டுப் பழக்கம் மாறாவிட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் புதுச் சொத்தை வருவது சாதாரணமாக நடக்கிறது. அதனால் மயக்கத்தில் முடித்த பிள்ளையைத்தான் அடுத்த மாதமே சும்மா ஒரு முறை க்ளினிக்குக் கூட்டிப்போய்ப் பழக்க வேண்டும்.

பிடித்து அமுக்கிச் செய்வது

செலவில்லாத, சீக்கிரம் முடிகிற வழி என்பதால் இதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது. நர்ஸ் தலையைப் பிடிக்க, அப்பா காலைப் பிடிக்க, வாயில் ஒரு முட்டுக் கொடுத்து வேலையை முடிக்கிறார்கள். கத்தும் பிள்ளையின் வாயைக் கையால் பொத்தி அடக்கும் முறை ஒரு காலத்தில் அமெரிக்கப் பாடப்புத்தகங்களிலேயே இருந்தது. அங்குள்ள குழந்தைப் பல் மருத்துவர் சங்கம் 2006-ல் தன் வழிகாட்டுதலிலிருந்து அதை நீக்கிவிட்டது.

எல்லாப் பிடித்தலும் ஒன்றில்லை. ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் வைத்து ஒரு நிமிடம் ஃப்ளோரைடு தடவும்போது கையைப் பிடித்துக்கொள்வதில் தவறில்லை. விழுந்து பல் உடைந்து ரத்தம் வரும்போதும், வீங்கிப்போய் உடனே சீழை வெளியேற்ற வேண்டியிருக்கும்போதும் வேறு வழி கிடைக்காமல் போகலாம். ஆனால் நடக்கப்போவதைப் புரிந்துகொள்ளும் நாலு வயதுப் பிள்ளையை நான்கு பேர் அமுக்கி, அரை மணி நேரம் வேர் சிகிச்சை செய்வதை நான் எந்த விதத்திலும் ஏற்க மாட்டேன். ஊசி முனையும் மெஷின் முனையும் திமிறுகிற வாய்க்குள் இருக்கின்றன என்பது ஒரு பக்கம். அம்மாவும் அப்பாவும் சேர்ந்துதான் தன்னை அமுக்கினார்கள் என்று பிள்ளை எடுத்துக்கொள்வது இன்னொரு பக்கம். அடுத்த முறை சட்டை மாற்றும்போதே அது வாந்தி எடுக்கும். உள்ளே என்ன செய்யப் போகிறீர்கள், பிடிப்பீர்களா, நான் உடன் இருக்கலாமா என்று முன்பே கேட்டு, பிடிப்பதற்குச் சம்மதமில்லை என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். இதில் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது.

யாரிடம் போவது, எதை முதலில் எடுப்பது

பி.டி.எஸ். முடித்த பொது டாக்டர்களில் குழந்தைகளிடம் அருமையாக நடந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாயே திறக்காத பிள்ளைக்கு, எம்.டி.எஸ்.-இல் மூன்று வருடம் குழந்தைப் பல் மருத்துவம் படித்தவரைத் தேடுவது வீண் அலைச்சல் இல்லை. கையில் பணம் குறைவு என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகலாம். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1953-லிருந்து இருக்கிறது. பல தனியார் கல்லூரிகளிலும் இதற்கென்று தனித் துறை இருக்கிறது, கட்டணம் வெளியே ஆவதைவிடக் குறைவு. காத்திருக்க வேண்டும், முதுநிலை மாணவர்கள் பார்ப்பார்கள். அவர்களிடம் அவசரம் குறைவு என்பதால் பயந்த பிள்ளைக்கு அது சாதகமாகக்கூட அமையலாம்.

முதலில் சொன்ன நான்கு வயதுப் பிள்ளைக்கு வருகிறேன். வலியில்லை, சீழில்லை என்றால் நான் முதல் நாளில் சிகிச்சையே கேட்க மாட்டேன். பல்லை எண்ணிவிட்டு, முடிந்தால் கறுப்பு மருந்தைத் தடவிவிட்டு அனுப்பச் சொல்வேன். இரண்டு மூன்று முறை பழகியதும் ஹால் கேப். ஒரு பல் மட்டும் ராத்திரி வலிக்கிறது, பிள்ளை பயந்தாலும் பேச்சைக் கேட்கிறது என்றால் சிரிப்பு வாயுவோடு அந்த ஒரு பல்லை மட்டும் முடித்துவிட்டு மற்றதற்குப் பழக்கும் வழி. அது நடக்காமல் முழு எதிர்ப்பாக இருந்தாலோ, நாலைந்து பற்கள் வலியோடு இருந்தாலோ மயக்கத்துக்குத் தயங்க மாட்டேன்.

மரத்துப்போகும் ஊசி போட்டு வேலை செய்த நாளில் ஒன்றைக் கவனியுங்கள். உதடு இரண்டு மூன்று மணி நேரம் உணர்ச்சியில்லாமல் இருக்கும். பிள்ளை அதை விளையாட்டாகக் கடித்துக்கொண்டே இருந்து, மாலையில் உதடு புண்ணாகி வீங்கிப்போய் நிற்கும். பார்த்தவர்கள் சிகிச்சையில் ஏதோ தப்பு என்று நினைப்பார்கள். உணர்ச்சி திரும்பும் வரை சாப்பிடக் கொடுக்காமல் கண்ணெதிரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்குப் பயத்தைவிட விளக்கின் வெளிச்சமும் மெஷினின் கூர்மையான சத்தமும் கையுறையின் ரப்பர் வாசனையும் பெரிய தொல்லை. கூட்டமில்லாத நேரம், ஒவ்வொரு முறையும் அதே அறை, அதே டாக்டர், முதல் நாளே வீட்டில் காட்டிவிட்ட படங்கள், கறுப்புக் கண்ணாடி என்று ஏற்பாடு செய்தால் நிறைய பேர் ஒத்துழைக்கிறார்கள். பழக்க ஆகும் காலம் நீளும். அதுவரை பல் பொறுக்காது என்றால் மயக்கத்தை முதலிலேயே யோசிக்கலாம்.

வீட்டில் இன்னொரு கைக்குழந்தை இருந்தால், முதல் பல் முளைத்த பிறகு, ஒரு வயது முடிவதற்குள் அதையும் ஒரு முறை காட்டிவிடுங்கள். குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்லும் வயது அதுதான். அந்த முறை செய்ய வேண்டிய வேலை எதுவும் இருக்காது, மடியில் படுக்க வைத்துப் பார்ப்பார்கள். முதல் பல்லிலிருந்தே அரிசி மணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், 3 வயதுக்கு மேல் பட்டாணி அளவு. ராத்திரித் தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம்.